டீச்சரைக் கேளுங்கள்: "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

(தொடக்கப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை ஆசிரியர்களிடமிருந்து வந்த கடிதங்களே அதிகம்.)

கேள்வி: டீச்சர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் பார்வைக்கு வந்த அலுவலர் என் பாடக்குறிப்பில் "நோக்கம் தெளிவாக இல்லை" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எப்படித் தெளிவாக எழுதுவது என்று சொல்லவில்லை. நான் எழுதியிருந்தது இதுதான்: "மாணவர்கள் கழித்தலைப் பற்றி அறிந்துகொள்வர், அதன் பயனை உணர்வர்." இதில் என்ன தப்பு?
பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

அம்மா, இந்தத் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. பயிற்சிப் பள்ளியில் அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு வரி எழுதினால்தான் மதிப்பெண் என்று பழக்கிவிட்டார்கள் இல்லையா, அந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் போகாது. நானும் பத்து வருடத்துக்கு மேல் "உணர்வர்", "அறிவர்" என்று நோட்டு நோட்டாக எழுதியவள்தான். ஒரு பிள்ளை கழித்தலின் பயனை உணர்ந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெல் அடிக்கும்போது எந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது, எந்தப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை என்று உங்களால் விரல் நீட்டிச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் நோக்கம் தெளிவாக இருக்கிறது. முடியாது என்றால் அது நோக்கமே இல்லை, வெறும் ஆசை. உங்கள் வரியை நான் இப்படி மாற்றுவேன்: "பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரிக்க வேண்டிய ஈரிலக்கக் கழித்தல் கணக்கு ஐந்தில் நான்கையாவது, குச்சிக் கட்டுகளை வைத்துக்கொண்டு, மாணவர் தானே சரியாகப் போடுவர்." என்ன செய்வார்கள், எதை வைத்துக்கொண்டு செய்வார்கள், எவ்வளவு செய்தால் போதும், மூன்றும் இதில் வந்துவிட்டன. இது என் கண்டுபிடிப்பு இல்லை, 1962இலேயே ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் எழுதிவைத்தது. நம் பயிற்சி வகுப்புகளிலும் இது எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

இப்படி எழுதினால் அலுவலருக்குத் திருப்தி, அது போகட்டும். உங்களுக்கு என்ன லாபம் என்றால், இந்த வரியை எழுத உட்காரும்போதே பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று யோசித்தாக வேண்டும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் நாலைந்து பேராவது 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், அவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நாம்தானே சொன்னோம், அதனால் 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து ஈர்க்குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 5 கட்டும் 2 தனிக் குச்சியும் கையில் கொடுங்கள். 27 குச்சியை எடுத்து என்னிடம் கொடு என்றால் தனிக் குச்சி போதாது என்று அவர்களுக்கே தெரியும், ஒரு கட்டைப் பிரிப்பார்கள். இப்போது 4 கட்டு, 12 குச்சி. அதில் 7 குச்சியையும் 2 கட்டையும் கொடுத்தால் மிச்சம் 25. இந்த இடத்தில் "கடன் வாங்கு" என்ற சொல்லை நான் கடைசி வருடங்களில் விட்டேவிட்டேன், ஏனென்றால் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "பக்கத்து வீட்டுல வாங்குன பத்தை எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். கட்டைப் பிரிக்கிறோம் என்றால் யாரும் யாருக்கும் பாக்கி இல்லை.

இன்னும் இரண்டு இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, கற்றல் விளைவுகளை அப்படியே பார்த்து எழுதுவது. மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்சிஇஆர்டி 2017இல் வகுப்புவாரியாக வெளியிட்ட கற்றல் விளைவுகள் ஒரு வருடம் படித்து முடித்த பிள்ளைக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்பவை. அதைப் போய் செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடுக்கு நோக்கம் என்று எழுதினால், ஒரு மூட்டை அரிசியையும் ஒரே உலையில் போட்ட கதைதான். அதிலிருந்து இன்றைக்கு எந்தப் பிடி என்று பாருங்கள். 40 நிமிடத்துக்கு ஒரு நோக்கம், ஒன்றே ஒன்று. இரண்டாவது, செயல்பாட்டையே நோக்கம் என்று எழுதுவது. "மாணவர் பச்சைப்பயறை முளைகட்டுவர்" என்பது செயல்பாடு. முளைகட்டியதைப் பார்த்து வேர் எது, தண்டு எது, எது முதலில் வந்தது என்று நான்கு நாள் படம் வரைந்து குறிப்பர் என்றால்தான் நோக்கம். முளைகட்டுவதை அம்மாக்களே வீட்டில் செய்துவிடுகிறார்கள், அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

நோட்டில் எழுதுவது உங்களுக்கு. பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்னைக்கு கட்டைப் பிரிச்சு கழிக்கப் போறோம், பெல் அடிக்கறதுக்குள்ள அஞ்சு கணக்குல நாலு சரியா வந்துட்டா ஜெயிச்சாச்சு." அவ்வளவுதான். ஒருமுறை என் வகுப்புக்கு வந்த விருந்தாளி ஒருவர் முன்வரிசைப் பெண்ணிடம் "என்ன பாப்பா படிச்சுட்டிருக்க?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்று பணிவாக "முப்பத்தி நாலாம் பக்கம் சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாத பிள்ளையிடம் கவனி, கவனி என்று கத்தி என்ன பிரயோஜனம்?

கேள்வி: தனியார் பள்ளி, இரண்டாம் வகுப்பு, 38 பிள்ளைகள். "புரிஞ்சுதா?" என்றால் கூரை அதிர "புரிஞ்சுது மிஸ்" என்கிறார்கள். நோட்டைத் திருத்தினால் பாதிப் பேருக்கு ஒன்றுமே வரவில்லை. ஏன் பொய் சொல்கிறார்கள்?
ஒரு வாசகி, திருப்பூர்

பொய் இல்லை. "வணக்கம் மிஸ்" என்று சொல்வதும் "புரிஞ்சுது மிஸ்" என்று சொல்வதும் அவர்களுக்கு ஒன்றுதான், ராகம்கூட ஒன்றுதான், கவனித்துப் பாருங்கள். கூட்டாகச் சொல்லும் பதிலில் நாலு பேர் குரலுக்குப் பின்னால் முப்பத்துநாலு பேர் ஒளிந்துகொள்ளலாம். வாய் மட்டும் அசையும். வாய்ப்பாடு, பாட்டு, எழுத்து வரிசை இதற்கெல்லாம் கூட்டுக் குரல் நல்லது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் புரிந்ததா என்று பார்க்க அது உதவாது.

சிலேட்டுக்குத் திரும்புங்கள் என்பேன். சிரிக்காதீர்கள், வெளிநாட்டுப் பள்ளிகளில் சின்ன வெள்ளைப் பலகை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து இதைத்தான் செய்கிறார்கள், நம்மிடம் காலங்காலமாக இருந்ததை நோட்டு வந்ததும் பரணில் போட்டுவிட்டோம். கேள்வியைச் சொல்லுங்கள், எல்லோரும் எழுதட்டும், எழுதியதை நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் "தூக்கு" என்றதும் 38 சிலேட்டும் ஒரே நேரத்தில் மேலே வர வேண்டும். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கடைசி வரிசையில் நாலு பேர் கெ போட வேண்டிய இடத்தில் கே போட்டிருக்கிறார்கள் என்றால், அப்போதே அந்த நாலு பேரிடம் போகலாம், நோட்டு திருத்தும் வரை காத்திருக்க வேண்டாம். சிலேட்டு இல்லையென்றால் பழைய காலண்டர் அட்டையின் மேல் கண்ணாடித் தாள் ஒட்டிக் கொடுங்கள், மார்க்கரில் எழுதித் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கேள்வி கேட்டதும் கொஞ்சம் சும்மா இருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்களாம். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசின. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணுங்கள். முதல் வாரம் அந்த மூன்று நொடி மூன்று நிமிடம் மாதிரி இருக்கும், பழகிவிடும். இன்னொன்று, பெயரைக் கேள்விக்குப் பின்னால் சொல்லுங்கள். முன்னாலேயே ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற 37 பேரும் "அப்பாடா" என்று ஜன்னலைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் 17 பேர், நான் ஒருவன்தான். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி நோக்கம் எழுதினால் எழுதவே நேரம் போய்விடுகிறது. ஒரு கூட்டத்தைக் கவனித்தால் இன்னொரு கூட்டம் சண்டை போடுகிறது.
ஆசிரியர், கல்வராயன் மலைப் பகுதி

தம்பி, உங்கள் அறையில் வகுப்பைப் பார்க்காதீர்கள், நிலையைப் பாருங்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது பிள்ளைகளின் நிலையைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதற்காகத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை மலரில் இருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தத் திட்டத்தில் பதிவேற்றம், செயலி என்று ஆசிரியர் தலையில் ஏற்றியது அதிகம் என்பது என் எண்ணம், ஆனால் இந்தப் பிரிவினை நல்ல விஷயம்.

மூன்று தனிப் பாடம் வேண்டாம். கரு ஒன்று, நோக்கம் மூன்று. சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து வாரச்சந்தைக்கு எல்லாப் பிள்ளையும் போயிருக்கும். அரும்பு: கூறு போட்ட காய்களை எண்ணி 9 வரை எண் அட்டை வைப்பர். மொட்டு: இரண்டு பொருளின் விலையைக் கூட்டிச் சொல்வர். மலர்: 50 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுவர். பொருள் அதே பொருள், கடை அதே கடை. மொட்டு வாங்க வரும், மலர் கல்லாவில் உட்காரும், அரும்பு கூறு போடும்.

சண்டை எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? வேலை முடிந்து, சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லாமல் சும்மா நிற்கும்போதுதான் வருகிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாத கூட்டத்துக்குத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வேலையாகக் கொடுங்கள். அட்டைக்குப் பின்பக்கம் விடை இருக்கட்டும், அல்லது இரண்டு துண்டும் சரியாகப் பொருந்தினால்தான் படம் முழுதாகும்படி வெட்டி வையுங்கள். இதெல்லாம் செயல்வழிக் கற்றல் காலத்தில் நாம் செய்து பார்த்ததுதான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் ஆரம்பித்து 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது, பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படி, அட்டை, குழு என்று ஒரு பிள்ளை யாரையும் கேட்காமல் அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று தானே போய் எடுத்துக்கொள்ளும். சத்தம் அதிகம், அட்டை தொலைந்தது, கிழிந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிய பள்ளிகளையும் பார்த்தேன். உங்கள் பள்ளி பீரோவிலும் மிச்சம் இருக்கலாம், தேடிப் பாருங்கள், கரப்பான் தின்றது போக மற்றதைப் பயன்படுத்தலாம்.

40 நிமிடம் முழுக்க மூன்று கூட்டத்துக்கும் நடுவில் ஓடாதீர்கள். இன்றைக்கு யாருக்குப் புதிய பாடமோ அவர்களோடு 20 நிமிடம் தரையில் உட்காருங்கள். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் தெரிந்த வேலை. நாளைக்கு முறை மாறும். நோக்கம் எழுதும் வேலையும் குறையும் பாருங்கள், புதிதாக யோசிக்க வேண்டியது நாளுக்கு ஒன்றுதானே.

கேள்வி: சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்குச் சாக்லேட் கொடுக்கிறேன். தலைமையாசிரியர் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
ஆசிரியை, தென்காசி

உங்கள் தலைமையாசிரியர். பல்லுக்காக மட்டும் சொல்லவில்லை. 1973இல் மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையாக இருந்த பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முதலிலேயே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசு எதுவும் இல்லாமல் விட்டுப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். எதிர்பார்க்காமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, பொங்கலுக்கு முந்தின நாள் எல்லோருக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தால் தப்பில்லை. பதிலுக்கு ஒன்று என்று விலை வைத்தால், சாக்லேட் தீர்ந்த அன்றைக்குக் கையும் தூக்கமாட்டார்கள். அதைவிட, "நீ கட்டைப் பிரிச்சது சரி, மிச்சத்தை எண்ணும்போதுதான் ஒண்ணு விட்டுட்ட" என்று அவன் செய்ததைப் பார்த்துச் சொன்ன ஒரு வரி நாலு நாள் தாங்கும்.

கேள்வி: நான்காம் வகுப்பு அறிவியல் எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் வருகிறது. "தாவரத்தின் பாகங்கள்" ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் தலை சாய்கிறது. வீடியோ போட்டாலும் தூக்கம்தான்.
ஆசிரியர், அறந்தாங்கி

விளக்கை அணைத்து வீடியோ போட்டால் நானே தூங்கிவிடுவேன்.

அந்த நேரத்தில் உட்கார்ந்து கேட்கிற பாடம் வேண்டாம், நின்று பிரிக்கிற பாடம் வையுங்கள். நோக்கம்: பத்துக் காய்கறிகளை வேர், தண்டு, இலை, பூ, காய் என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வர். அந்தக் காரணம் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவைத்து இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கேரட், முள்ளங்கி, கீரை, வாழைப்பூ, வெண்டைக்காய் எல்லாம் ஐந்து நிமிடத்தில் சுலபமாகப் பிரிந்துவிடும். அப்புறம் உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வகுப்பே இரண்டையும் வேரில் போடும், மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் என்று. சர்க்கரைவள்ளி வேர்தான். உருளையோ தண்டு. உடனே சொல்லிவிடாதீர்கள், முளைவிட்ட உருளைக்கிழங்கு ஒன்றைக் கையில் கொடுத்து, குழி குழியாக இருக்கிற இடத்திலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்டில்தானே கணுவும் மொட்டும் இருக்கும். அடுத்து இஞ்சியைக் கொடுங்கள், கணு கணுவாக இருக்கிறது என்று எவளாவது ஒருத்தி கண்டுபிடித்துக் கத்துவாள். மரவள்ளிக் கிழங்கு வேரா தண்டா என்று சண்டை வரும் (வேர்). வரட்டும், உங்கள் பக்கத்தில் கிழங்கு பிடுங்கிப் பார்த்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

கடைசி ஐந்து நிமிடம் மறக்க வேண்டாம். துண்டுக் காகிதத்தில் ஆளுக்கு ஒரு காயின் பெயர், அது எந்தப் பாகம், ஏன் என்று ஒரு வரி எழுதி வாசலில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். எத்தனை பேர் "மண்ணுக்குள்ள இருக்கு, அதனால வேர்" என்றே எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினால் நாளைக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும். நான் சரியாக எழுதியவர்களின் எண்ணிக்கையைப் பாடக்குறிப்பின் ஓரத்தில் 19க்கு 11, 19க்கு 14 என்று பென்சிலில் எழுதிவைப்பேன். என் பழைய நோட்டில் 19க்கு 3 என்றும் சில நாட்கள் இருக்கின்றன, அப்போதெல்லாம் மறுநாள் புதுப் பாடம் கிடையாது.

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். என்ன செய்ய?
ஆசிரியை, காரைக்குடி

அங்கிருந்து சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிறானா? காட்டினால் ஒரு மாதம் விட்டுப் பிடியுங்கள், ஐந்து வயசு. காட்டவில்லை என்றால் முதலில் அவனைப் பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். என் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்தாள், அவளுக்கு வேண்டியிருந்தது கண்ணாடி.